கறுப்பு வில்லையும் இளஞ்சிவப்பு வில்லையும்

14 ஜனவரி 1958

முழங்கால் வரை பனி. கல்லூரிப் படிகளில் யாரோ சாம்பல் தூவியிருந்தார்கள். இருந்தும் நான்காவது படியில் வழுக்கி உட்கார்ந்தேன். பார்த்தது வாயிற்காவலர் ஒருவர்தான். உட்கார்ந்திருந்தவளுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார், மனுஷன்!

ஆனால் இன்று எதுவும் வலிக்கவில்லை. நான்காவது வார்ப்பின் முடிவு வந்துவிட்டது. கடினம் நூற்று இருபத்தெட்டு! அல்முட் வைரமுனையை மூன்று இடத்தில் அழுத்தினாள். மூன்றிலும் ஒன்றிரண்டுதான் வித்தியாசம். சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்திய பிறகு உலைப் பக்கமே போகாமல் ஜன்னலோரம் மூன்று நாள் சும்மா கிடந்த அலுமினியக் கலவை இது. சும்மா கிடந்தே இறுகுகிறது. போன நவம்பரில் இதைத்தான் கட்டுரையாக அச்சில் போட்டேன். ஆலைகளுக்கு இனி, இறுக்குவதற்காக மறுபடி சூடாக்கும் அந்த இரண்டாவது உலையே வேண்டாம் என்று தைரியமாக எழுதிவிட்டேன். அப்போது கையில் மூன்று வார்ப்பு. இப்போது நான்கு.

அல்முட் ரீடெசெல் பத்தொன்பது வருடமாக இந்தச் சோதனைக்கூடத்தில் உலோகத்தை வெட்டி, வில்லையில் பதித்து, தேய்த்து, அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியில் படமெடுப்பவள். இங்கே அவள் தேய்க்காமல் விட்டது அவளுடைய நாக்கு ஒன்றைத்தான்.

"ஆடாதீங்க டாக்டரம்மா, தரை இன்னும் ஈரம்" என்றாள். ஆடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஒரே ஒரு குறை. சில மாதிரிகள் நூற்றுப் பத்திலேயே நின்றுவிடுகின்றன. ஏன்? பார்க்க வேண்டும். பிறகு.

15 ஜனவரி

பேராசிரியர் ஹெம்மர்லிங் இன்றும் என் உலோகத்தைப் 'பால்சட்டி' என்றார். துறைத் தலைவர், எஃகைத் தவிர வேறு உலோகத்தை உலோகமாக மதிக்காதவர். சொல்லட்டும். சட்டி எப்படி இறுகுகிறது பார்!

23 ஜனவரி

கடிதம் வந்திருக்கிறது. கடிதம் வந்திருக்கிறது!

ரூர் ஆலைப் பகுதியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. உலோகவியல் நாற்காலி, அதாவது பேராசிரியர் பதவி, காலியாகிறது. 'தங்கள் நவம்பர்க் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தோம். பிப்ரவரி இருபதாம் தேதி எங்கள்முன் உரையாற்ற இயலுமா?' இயலுமாவா? நடந்தே வருவேன்.

எங்கள் கூட்டத்தில் இதற்குப் 'பாடிக்காட்டப் போவது' என்று பெயர். முக்கால் மணி நேரம் பாட வேண்டும்; பிறகு கேள்விகள். அப்புறம் அவர்கள் மூன்று பெயரை வரிசையாக எழுதி அமைச்சகத்துக்கு அனுப்புவார்கள். முதல் பெயருக்கு அழைப்பு. சொந்தக் கல்லூரியில் வளர்ந்தவளை அதே கல்லூரியில் நாற்காலியில் உட்காரவைக்கிற வழக்கம் இங்கே இல்லை. வேறு ஊர்தான் கூப்பிட வேண்டும். பெண் கேட்டு வருகிற மாதிரி.

ஹெம்மர்லிங்கிடம் காட்டினேன். சுருட்டை எடுக்காமலே படித்தார்.

"ஏழு பேர் பாட வர்றாங்க, அல்போர்ன். ஆறு பேருக்கு மீசை இருக்கு."

"எனக்கும் லேசா இருக்கு ஐயா. நுண்ணோக்கியில பாருங்க."

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. நல்ல மனிதர்தான், எஃகுப் பேச்சு வராத நேரங்களில்.

26 ஜனவரி, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போகவில்லை. உருளைக்கிழங்கு சூப் அடுப்பில் இருக்கிறது. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பதினெட்டு வயதில் பெர்லினில், உலோகப் படம் எடுக்கக் கற்றுத்தரும் பெண்கள் பள்ளியில் சேர்ந்தேன். பெண்களுக்குக் கை நிதானம் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். படத்தைப் பெண் எடுப்பாள், அதை ஆண் விளக்குவான், இதுதான் ஏற்பாடு. எனக்கு விளக்கவும் ஆசை வந்தது, அங்கே பிடித்தது சனி. பகலில் தேய்த்தேன், மாலையில் பள்ளியிறுதித் தேர்வுக்குப் படித்தேன். பிறகு ஓர் எஃகு ஆலையின் சோதனைக்கூடம். போர்க்கால ஆண்டுகளை இன்று எழுத மாட்டேன். போர் முடிந்ததும் இந்த மலையூர்க் கல்லூரி. முப்பத்தாறு வயதில் டாக்டர் பட்டம். நாற்பத்திரண்டில் சொந்தமாகப் பாடம் நடத்தும் உரிமை. நாற்காலி மட்டும் இல்லை. இன்னொருவர் கூடத்தில் இரவல் மேசை.

இப்போது நாற்பத்தாறு. ஐம்பதைத் தொட்டவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஆக, இது ஒரே ஒரு தடவை.

வேண்டும். எழுதியே விடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்: எனக்கு அந்த நாற்காலி வேண்டும், வேண்டும், வேண்டும்.

சூப் அடிப்பிடித்துவிட்டது.

3 பிப்ரவரி

அச்சு செத்துவிட்டது! நகத்தளவு உலோகத்தைக் கையில் பிடித்துத் தேய்க்க முடியாது. அதனால் கறுப்புப் பிசின் தூளோடு அச்சில் போட்டுச் சூடாக்கி அழுத்துவோம். பெரிய பொத்தான் போல ஒரு வில்லை கிடைக்கும், நடுவில் உலோகம். முப்பது வருடமாக உழைத்த அச்சு. சூடுகம்பி எரிந்துபோயிற்று, புதியது வர ஐந்து வாரமாம். எனக்கு இருப்பது பதினேழு நாள். ஐந்தாவது வார்ப்பின் படங்கள் இல்லாமல் நான் எப்படிப் பாடுவேன்?

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அல்முட் தன் கடைவாயைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"போன மாசம் எனக்குப் பல்லு கட்டினாரே அந்தப் பல் டாக்டர், ஒரு தூளையும் ஏதோ தண்ணியையும் கலந்தாரு. கொஞ்ச நேரத்துல கல்லாட்டம் ஆயிடுச்சு. அடுப்பே வைக்கல."

"அதுக்கு?"

"அதுக்குத்தான். வாய்க்குள்ள தாங்குறது வில்லையில தாங்காதா?"

மேலங்கிகூட மாட்டாமல், வேலை ஏப்ரனோடு பனியில் ஓடினாள். அரை மணியில் ஒரு டப்பாவோடு வந்தாள். பிசின், ஈறு நிறத்தில் நல்ல இளஞ்சிவப்பு! கலந்து ஊற்றியபோது கை பொறுக்கும் சூடுதான். என் அலுமினியம் பல்செட்டுக்குள் உட்கார்ந்து சிரிக்கிறது. இந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்டலாம்.

5 பிப்ரவரி

தொண்ணூற்று நான்கு.

ஐந்தாவது வார்ப்பு, அதே மூன்று நாள், அதே ஜன்னல். தொண்ணூற்று நான்கு. வார்ப்பில் கோளாறோ? துத்தநாகம் குறைந்ததோ? அமிலத்தில் நனைத்தால் உலோக மணிகளின் ஓரம் கறுக்க வேண்டும், அதுவும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி வெளுப்பு.

அல்முட் தன் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

6 பிப்ரவரி

தெரிந்துவிட்டது.

நான்காவது வார்ப்பில் மிச்சமிருந்த துண்டை எடுத்து இரண்டாக அறுத்தோம். ஒன்று நேராக இளஞ்சிவப்புக்குள். மற்றொன்றை எண்ணெய்க் குளியலில் நூற்றைம்பது டிகிரிக்குச் சூடாக்கி, அச்சு ஆறுவது போலவே மெல்ல ஆறவிட்டு, பிறகு இளஞ்சிவப்புக்குள். முதலாவது தொண்ணூற்று மூன்று. இரண்டாவது நூற்று இருபத்தொன்பது, ஓரமெல்லாம் கறுப்பு.

ஜன்னலோரம் எதுவும் இறுகவில்லை. அச்சுக்குள் இறுகியிருக்கிறது. அட மக்கு! அச்சுக்குள்ள வெந்ததை எடுத்து வெச்சுக்கிட்டு அடுப்பே வேணாம்னு ஊருக்கெல்லாம் அச்சடிச்சு அனுப்பியிருக்கேனே!

எஃகுக்கு நூற்றைம்பது டிகிரி கொசுக்கடி. இந்தத் துறையில் எல்லோரும் எஃகு ஆட்கள். முப்பது வருடமாக இதே அச்சு, யாருக்கும் எதுவும் தோன்றியதில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. எனக்கு! முதலாமாண்டுப் பையன்களுக்கு 'மாதிரியைத் தேய்க்கும்போது சூடேற விடாதீர்கள்' என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்கிறவளுக்கு!

இன்னும் இருக்கிறது. அல்முட் தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து விரித்தாள். ஒவ்வொரு வில்லைக்கும் அச்சில் போட்ட நேரம் எழுதிவைத்திருக்கிறாள், நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பதினொன்றரைக்குப் போட்டவை எல்லாம் நூற்று இருபத்தைந்துக்கு மேல். மூன்று மணிக்குப் போட்டவை நூற்றுப் பத்து. பன்னிரண்டு அடித்தால் இந்த நாட்டில் நிலநடுக்கம்கூடச் சாப்பிட்டுவிட்டுத்தான் வரும். அச்சின் சூட்டை அணைத்துவிட்டு எல்லோரும் போய்விடுவோம். வில்லை மட்டும் அச்சுக்குள்ளேயே ஒரு மணி நேரம் கிடந்து ஆறும். பிற்பகலில் போட்டதை உடனே தட்டி எடுத்துவிடுவாள், அடுத்தது காத்திருக்குமே.

என் மகத்தான கண்டுபிடிப்பு, எங்கள் மதியச் சாப்பாடு.

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், டாக்டரம்மா."

"நான் முன்னாடியே கேட்டிருக்கணும், அல்முட்."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு ஏனோ சிரித்தோம். பிறகு நான் மட்டும் மறுபடி அழுதேன்.

7 பிப்ரவரி

ஹெம்மர்லிங்கிடம் போய்ச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பால்சட்டி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் வலித்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அல்முட்டுக்கு."

"அவ வாயத் திறக்க மாட்டா. இங்க பாருங்க அல்போர்ன், முதல்ல பாடிட்டு வாங்க. அப்புறமா இருமிக்கலாம். அழைப்பு வந்து, நாற்காலியில உக்காந்து, ரெண்டு வருஷம் கழிச்சு சின்னதா ஒரு திருத்தம் போடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றோம்."

"நீங்க பண்ணியிருக்கீங்களா?"

சுருட்டைப் பார்த்தார். "மூணு தடவை" என்றார்.

கூடத்துக்குத் திரும்பினேன். அல்முட் முகத்தைப் பார்க்காமல், என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"நீங்க மறைச்சா நானும் மறைப்பேன். சத்தியமா வெளிய சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் உங்களுக்கு ஒரு மாதிரிகூடத் தேய்க்க மாட்டேன். ஹெம்மர்லிங்குக்குத் தேய்ச்சுக்கிட்டு காலத்த ஓட்டிடுவேன்."

மிரட்டலா, பாசமா? இரண்டும் ஒரே குரலில் வருகிறது அவளுக்கு.

8 பிப்ரவரி

திருத்தத்தை எழுதிப் பத்திரிகைக்குத் தபாலில் போட்டுவிட்டேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன். கை நுழையவில்லை, நல்ல வேளை.

11 பிப்ரவரி

யாரிடம் சொல்வேன்! யாரிடமும் சொல்ல முடியாதே, அதனால் உனக்கு!

துக்கத்தில் கை சும்மா இருக்கவில்லை. சரி, சூடுதான் இறுக்குகிறது என்றால், அந்த மூன்று நாள் ஜன்னலோர வாசத்துக்கு வேலையே இல்லையா? ஒரு துண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு எண்ணெயில் போட்டேன். அதே சூடு, அதே நேரம். நூற்று எட்டு! மூன்று நாள் கிடந்துவிட்டுச் சூடு கண்டது நூற்று இருபத்தொன்பது. சும்மா கிடந்த நாட்களில் அது சும்மா இல்லை! வெளியே தெரியாமல் உள்ளே ஏதோ ஏற்பாடு நடந்திருக்கிறது. உள்ளே எது எதோடு சேர்கிறது? ஒரு நாள் போதுமா? பத்து நாள் கிடந்தால்?

காலையில் ஏழு மணிக்கே கூடத்தில் இருக்கிறோம். பாலாடைக்கட்டியும் கம்பு ரொட்டியும் தேய்ப்பு மேசையிலேயே. பன்னிரண்டு அடித்தது, நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை! துறையே திரும்பிப் பார்த்தது.

ஆனால் மூன்றாவது முறை செய்தபோது ஒரு துண்டு நூற்றுப் பதினைந்து காட்டியது. ஏன் என்று தெரியவில்லை. மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு கோடு போட மாட்டேன், இனி ஒருநாளும் மாட்டேன். தெரியாது. அவ்வளவுதான். தெரியாது என்று சொல்வதற்கு இவ்வளவு குஷியாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

19 பிப்ரவரி

ரயில். பையில் இரண்டு வில்லைகள்: கறுப்பு ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று. அல்முட் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள். "தலைய ஆட்டி ஆட்டிப் பேசாதீங்க, கொண்டை ஊசி கழண்டுடும்" என்றாள். தயாரித்த உரையைக் கிழித்துவிட்டேன். எதிர் இருக்கையில் ஒருவர் மீன் சாப்பிடுகிறார், எனக்குப் பசிக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

20 பிப்ரவரி

முடிந்தது. ஓட்டல் அறையில் காலணியைக் கழற்றாமல் எழுதுகிறேன்.

சரிவான அரங்கம். முன்வரிசையில் தேர்வுக் குழு, பின்னால் மாணவர்கள். இருபது மீசை வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். குழுத் தலைவர் பேராசிரியர் ரோடெவால்ட், எழுபதை நெருங்கியவர், காதில் கருவி.

"பெருமக்களே, என் நவம்பர்க் கட்டுரைக்காக என்னை அழைத்தீர்கள். அந்தக் கட்டுரை தவறு. ஏன் தவறு என்பதை இப்போது சொல்கிறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தேன். பிறகு பின்வரிசையில் எங்கோ ஒரு செருப்பு தரையில் தேய்ந்தது. இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசை முழுக்க. தெரியும், எத்தனையோ கூட்டங்களில் கேட்ட சத்தம்தான். மோசமான ஆளுக்குக் கிடைக்கும் மரியாதை. எனக்குக் கிடைத்தது இதுதான் முதல் தடவை. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு வில்லைகளையும் முன்வரிசையில் கொடுத்தேன். அச்சு, எண்ணெய், அல்முட்டின் குறிப்பேடு, பதினொன்றரை மணி, மூன்று மணி எல்லாவற்றையும் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். சிரிப்பு வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு நடந்தது சரியாக நினைவில்லை. கரும்பலகை நிறைந்துபோயிற்று. நூற்று எட்டு, நூற்று இருபத்தொன்பது, அடம்பிடித்த அந்த நூற்றுப் பதினைந்து, இது ஏன் என்று தெரியாது, அது ஏன் என்றும் தெரியாது, இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் வேண்டும்! தலையை ஆட்டியிருக்கிறேன். ஊசி கழன்று முடி அவிழ்ந்துவிட்டது.

கேள்வி நேரத்தில் ரோடெவால்ட் இளஞ்சிவப்பு வில்லையை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கட்டுரைய யாராவது மறுத்து எழுதினாங்களா?"

"இல்லை."

"நீங்க சொல்லாம இருந்தா எங்களுக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?"

"ஒரு ரெண்டு வருஷம் ஆகியிருக்கும்."

"அதுக்குள்ள இந்த நாற்காலி உங்களுதா ஆகியிருக்கும்."

"ஆமாம்."

"அது தெரிஞ்சுமா வந்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் ரெண்டு வாரமா தூக்கம் இல்ல. இன்னைக்குத் தூங்குவேன்."

அவர் வில்லையைத் தன் வாய்ப்பக்கம் தூக்கிக்காட்டி, "எங்கிட்டயும் இதே சரக்குதான் இருக்கு, மேல் வரிசை முழுக்க" என்றார். அரங்கம் குலுங்கியது. விரல்முட்டிகள் மேசையில் தட்டின, எங்கள் அரங்குகளில் அதுதான் கைதட்டல்; எல்லோரும் அல்ல, பாதிப் பேர் இருக்கும். மீதிப் பாதி செருப்பைத் தேய்த்தார்கள். இரண்டும் சேர்ந்து ஆலை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

வெளியே வரும்போது குழுவில் ஒருவர் கையைப் பிடித்து, "ரொம்ப சுவாரசியமா இருந்துச்சு, அம்மணி" என்றார். நாற்காலி கொடுக்கப்போகிறவர்கள் சுவாரசியம் என்று சொல்வதில்லை.

போகட்டும். வயிறு கிள்ளுகிறது. கீழே போய்ப் பன்றித்தொடை ஒன்று முழுசாகச் சாப்பிடப் போகிறேன்.

21 பிப்ரவரி

பத்து மணி நேரம் தூங்கினேன்.

30 ஏப்ரல்

பட்டியல் வந்தது. மூன்றாம் இடம். மூன்றாவது ஆளைக் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஹெம்மர்லிங், "இருமாம இருந்திருந்தா முதல் இடம்" என்றார். அல்முட் அவர் கண்ணெதிரே ஒரு பிளம் கேக்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஒரு துண்டு போதும் என்றேன். நான்கு தின்றேன். அழவில்லை என்று எழுதினால் பொய்.

மாலையில் எண்ணெய்க் குளியலைப் பற்றவைத்தோம். பத்து நாள் மாதிரி இன்று தயார்.

2 அக்டோபர்

முதல் பெயர்க்காரர் அழைப்பைத் தன் ஊர் அமைச்சகத்திடம் காட்டிப் பேரம் பேசினாராம். புது எலக்ட்ரான் நுண்ணோக்கி கொடுத்து அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரர்.

அந்த நூற்றுப் பதினைந்துக்குக் காரணம் கிடைத்தது! அந்தத் துண்டு கிடந்த நாட்களில் கூடத்தில் கணப்பு அணைந்துபோயிருந்தது; ஜன்னலோரம் உறைகுளிர். குளிரில் உள்ளே வேலை நடப்பதில்லை. அவ்வளவுதான்! எட்டு மாதம்! கட்டுரையில் அல்முட் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை; மறுநாள் தாயாருக்கு அனுப்ப இரண்டு பிரதி கேட்டாள்.

17 மார்ச் 1959

இரண்டாவது பெயர்க்காரரின் மனைவி அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தாராம். துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணி ஒரு மணியில் சாம்பல் நிறமாகிவிட்டதாம். வரமாட்டேன் என்றுவிட்டார்.

எனக்கு எல்லாத் துணியும் சாம்பல் நிறம்தான். இதை எழுதுவதற்குள் இரண்டு தடவை மை கொட்டிவிட்டேன், ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

4 நவம்பர் 1959, புதன்

அல்முட் இந்தச் சாம்பல் ஊருக்கு வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்கிறாள், பெட்டிகளோடும் பூனையோடும். அதுவரை நானே தேய்க்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு ஏப்ரன் கட்டிக்கொண்டு தேய்ப்பு மேசையில் நின்றேன், முழங்கை வரை கறுப்பு. மழையில் நனைந்த கோட்டுகளோடு மூன்று மாணவர்கள் தலையை நீட்டினார்கள்.

"ஏம்மா, பத்து மணி உலோகவியல் இங்கதானா?"

"பக்கத்து அரங்கம்."

"புது ஆள் எப்ப வருவாரு?"

"பத்துன்னு போட்டிருந்தா பத்தேகால். எல்லாக் கல்லூரியிலயும் கால் மணி தள்ளித்தானே?"

நடுவில் நின்ற நெட்டையன் குரலைத் தாழ்த்தினான். "அந்த மனுஷன் எப்படிம்மா? ரொம்பக் கண்டிப்பானவரா? தப்பாச் சொன்னா திட்டுவாரா?"

"தப்பாச் சொன்னா ரொம்பப் பிடிக்கும்னு கேள்வி."

"பிடிக்குமா? கிறுக்கா இருப்பாரோ?"

"இருக்கலாம்" என்றேன்.

பத்தேகாலுக்குக் கையைக் கழுவிவிட்டு அரங்கத்துக்குள் நுழைந்தேன். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. மூன்று பேரும் முன்வரிசையில். மூன்று ஜோடிக் காதுகளும் சிவந்துபோயின. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கலவையின் பெயரைப் பலகையில் எழுதி, தண்ணீரிலிருந்து எடுத்து மூன்று நாள் ஜன்னலோரம் வைத்தால் உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டேன்.

கடைசியில் நெட்டையன்தான் எழுந்தான், பாவம், வேறு வழியில்லை என்று நினைத்திருப்பான். ஒரு பதில் சொன்னான்.

முழுத் தப்பு. இவ்வளவு நல்ல தப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பாட நேரம் முழுக்க அதிலேயே போய்விட்டது.